தண்ணி கேட்கிறது அப்பாவா, கிட்னியா?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

போன எபிசோட் முடியும்போது, அடுத்து தூக்கத்தைப் பத்திப் பேசலாம்னு சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ வீட்டுல ஒரு சண்டை. அதுக்கப்புறம் நான் படிச்சதெல்லாம் வேற பக்கம் போயிடுச்சு.

அப்பாவுக்கு 63 வயசு. திருச்சியில கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். 20 வருஷ சர்க்கரை, ரெண்டு கிட்னியையும் எடுத்துக்கிச்சு. ஒன்றரை வருஷமா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். சிறுநீர் கிட்டத்தட்ட நின்னே போச்சு. அதனால ஒரு நாளைக்கு 750 மில்லி, அதுக்கு மேல கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். காபி, மோர், ரசம், மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் சேர்த்துத்தான் அந்த 750.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம்ல குழாய்ச் சத்தம். போய்ப் பாத்தா, லைட்டு கூடப் போடாம நின்னு, மக்குல பிடிச்சுக் குடிச்சிட்டிருக்கார். நான் கத்திட்டேன். "ஏம்பா, ஒரு வாய் தண்ணிய அடக்க முடியலையா உங்களால? சின்னப் புள்ளையா நீங்க?" அவர் பதில் சொல்லல. மக்கைக் கீழ வெச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டார். காலையில எழுந்து சமையல்கட்டுல இருந்த குடத்தை எடுத்துட்டு வந்து என் ரூம்ல வெச்சுப் பூட்டினேன். இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லாம இந்த எபிசோட் இல்ல.

சென்னைக்குத் திரும்பி வர்ற ரயில்ல சும்மா ஒரு கேள்வி: தாகம்னா உண்மையில என்ன? தொண்டை காயறது இல்லையா? அப்போ தொண்டையை நனைச்சா போதுமே, ஏன் அவருக்குப் போதல? அங்க ஆரம்பிச்சது. முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எழுதறவன். இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையையோ தண்ணி அளவையோ மாத்திடாதீங்க.

கிட்னின்னா நம்ம மனசுல இருக்கிறது ஒரு ஃபில்டர். ரத்தம் உள்ள போகுது, கழிவு வெளிய வருது, அவ்வளவுதான். ஆனா கிட்னி ஒரு ஹார்மோன் சுரக்கிற உறுப்பும்கூட. ரெனின், எரித்ரோபொயட்டின், அப்புறம் விட்டமின் டி-யோட கடைசி வடிவமான கால்சிட்ரயால். கறாரா சொன்னா ரெனின் ஒரு என்சைம், ஒரு ஹார்மோன் உருவாகறதைத் தொடங்கி வைக்கிற ஆள். இந்த மூணுமே ஏதோ ஒரு வழியில மூளை வரைக்கும் போகுது. இன்னைக்கு முக்கால்வாசி நேரம் ரெனினைப் பத்தித்தான் பேசப் போறேன், ஏன்னா நான் பூட்டி வெச்ச குடத்துக்குப் பதில் அங்கதான் இருக்கு.

1898. ஸ்டாக்ஹோம்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்ல ராபர்ட் டிகர்ஸ்டெட்னு ஒருத்தர், கூடவே பெர் பெர்க்மன்னு அவரோட மாணவர். முயலோட கிட்னியை அரைச்சு அந்தச் சாறை இன்னொரு முயலோட ரத்தத்துல ஏத்தினாங்க. ரத்த அழுத்தம் ஏறிச்சு. அந்தச் சாறுல இருந்த ஏதோ ஒண்ணுக்கு ரெனின்னு பேர் வெச்சாங்க. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 40 வருஷம் யாரும் அதைப் பெரிசா கண்டுக்கல.

இப்போ நமக்குத் தெரிஞ்சது இது. கிட்னிக்கு வர்ற ரத்தம் குறைஞ்சா, அது ரெனினை வெளிய விடுது. கல்லீரல் எப்பவுமே ஆஞ்சியோடென்சினோஜென்னு ஒரு பெரிய புரதத்தை ரத்தத்துல மிதக்க விட்டிருக்கு. ரெனின் அதுல இருந்து 10 அமினோ அமிலம் உள்ள ஒரு துண்டை வெட்டி எடுக்குது. நுரையீரல் ரத்தக்குழாய்ல நிறைய இருக்கிற இன்னொரு என்சைம், அதுல இன்னும் ரெண்டை நறுக்குது. மீதி எட்டு. அந்த எட்டு அமினோ அமிலத் துண்டுதான் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தத்துல ஒரு நிமிஷம்கூட முழுசா தாங்காது, உடைஞ்சிடும். ஆனா அந்த நேரத்துக்குள்ள அது ரத்தக்குழாயை இறுக்கும், அட்ரினல் சுரப்பிகிட்ட உப்பைப் பிடிச்சு வைக்கச் சொல்லும். நரம்பு முனைகள்ல நார் அட்ரினலின் கூடுதலா வெளிய வரவும் வைக்கும். கிட்னியில தொடங்கின ஒரு விஷயம், நரம்புகள் பேசிக்கிற ரசாயனத்தோட அளவையே மாத்துது பாருங்க.

இதுக்கும் தாகத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்டினவர் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ். 1960கள்ல அவர் பண்ணின சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. எலிக்கு, இதயத்துக்கு ரத்தம் திரும்பி வர்ற பெரிய சிரையைக் கட்டிட்டார். உடம்புல தண்ணி குறையல, ஆனா ஓட்டம் குறையுது. எலி தண்ணி குடிக்க ஆரம்பிச்சது. அடுத்து, ரெண்டு கிட்னியையும் எடுத்துட்டு அதே சோதனை. குடிக்கிறது ரொம்பக் குறைஞ்சிடுச்சு. சரி, கிட்னி இல்லாததால சிறுநீர் போகல, கழிவு சேர்ந்து எலி சோர்ந்து போயிருக்கலாம் இல்லையா? அதுக்கும் ஒரு சோதனை: கிட்னியை உள்ளயே விட்டுட்டு, சிறுநீர் இறங்கற குழாயை மட்டும் கட்டினார். இப்பவும் சிறுநீர் போகாது. ஆனா எலி வழக்கம்போல குடிச்சது. ஆக, கிட்னி வடிகட்டுதா இல்லையாங்கிறது இங்க விஷயமே இல்ல. கிட்னி அங்க இருக்கணும், அவ்வளவுதான். அது ரத்தத்துல எதையோ விடுது, அந்த எதுவோ தாகத்தை உண்டாக்குது. நம்ம ஆஃபீஸ்ல பக் தேடறப்போ இவ்வளவு ஒழுங்கா ஒவ்வொண்ணாக் கழிச்சுப் பாக்கறவங்களை நான் ரெண்டு பேருக்கு மேல பார்த்ததில்ல.

1970ல அவரும் ஆலன் எப்ஸ்டீன், பார்பரா ரோல்ஸ்னு ரெண்டு பேரும் சேர்ந்து, ஆஞ்சியோடென்சினைத் துளியூண்டு எடுத்து நேரா எலியோட மூளைக்குள்ள விட்டாங்க. வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருந்த எலி திரும்பப் போய்க் குடிச்சது.

இங்கதான் எனக்கு ஒரு குழப்பம். நம்ம மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. ரத்தத்துல ஓடற கண்டதும் மூளைக்குள்ள போயிட முடியாது. ஆஞ்சியோடென்சினும் போக முடியாது. அப்போ எப்படி? பதில் என்னன்னா, மூளையில சில இடங்கள்ல மட்டும் அந்தத் தடுப்பு கிடையாது. ஃபயர்வால்ல வேணும்னே ஒரு போர்ட்டைத் திறந்து வெச்ச மாதிரி. அதுல ஒண்ணு சப்ஃபார்னிக்கல் ஆர்கன். மூளைக்கு நடுவுல, மூணாவது நீரறையோட சுவர்ல இருக்கிற ரொம்பச் சின்னத் திட்டு. அங்க இருக்கிற ரத்தக்குழாய்கள்ல பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கு. மூளை அங்க இருந்துதான் ரத்தத்தை ருசி பாக்குது. 1973ல சிம்ப்சனும் ரூட்டன்பெர்க்கும் ஆஞ்சியோடென்சின் தாகத்தைத் தூண்டற இடம் இதுதான்னு காட்டினாங்க. அந்தத் திட்டை அழிச்சிட்டா, ஆஞ்சியோடென்சின் கொடுத்தாலும் எலி குடிக்கல.

அந்தத் திட்டுல ரெண்டு வகை நரம்பு செல்கள். ஒரு வகை குளூட்டமேட்டை வெளிய விடும். அது அடுத்த செல்லைத் தூண்டற ரசாயனம். இன்னொரு வகை காபாவை வெளிய விடும், அது அடக்கற ரசாயனம். ஆஞ்சியோடென்சின் வந்து ஒட்டிக்கிறதுக்கான இடம் தூண்டற செல்கள் மேல இருக்கு. ஒட்டினதும் அந்த செல்கள் படபடன்னு சிக்னல் அனுப்பும். ஒரு கிளை ஹைப்போதலாமஸுக்குப் போய் வாசோபிரசினை வெளிய விடச் சொல்லும், அதாவது இருக்கிற தண்ணியைப் பிடிச்சு வை. இன்னொரு கிளை, போய்க் குடி.

2015ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல சார்ல்ஸ் ஸூக்கரோட ஆய்வுக்கூடத்துல யூகி ஓகாவும் மத்தவங்களும் இதை வெளிச்சம் போட்டே காட்டினாங்க. நெஜமாவே வெளிச்சம்தான். சுண்டெலியோட அந்தத் தூண்டற செல்களை ஒளிக்கு வேலை செய்யற மாதிரி மாத்தி, மெல்லிய ஃபைபர் வழியா ஒளியைப் பாய்ச்சினாங்க. தாகமே இல்லாத எலி சில விநாடிகள்ல ஓடிப் போய்க் குடிச்சது. ஒளியை நிறுத்தினா நிறுத்திடுச்சு. காபா செல்களைத் தூண்டினப்போ, நெஜமாவே தாகத்துல இருந்த எலிகூட குடிக்கிறதைக் குறைச்சிடுச்சு.

நான் இதைப் படிச்சப்போ ரயில் விழுப்புரம் தாண்டியிருந்தது. மனசுல அந்த மக்குதான் வந்துச்சு. அந்த எலிகிட்டப் போய், ஒளி பாயும்போது கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்துன்னு யாராவது சொல்வாங்களா?

சரி, ஆனா அப்பா உடம்புல தண்ணி குறைவா இல்லையே, கூடல்ல இருக்கு. கால் வீங்கியிருக்கு. அப்புறம் ஏன் கிட்னி தண்ணி கேக்கணும்? ரெண்டு காரணம். ஒண்ணு, பழுதான கிட்னிக்குள்ள சில பகுதிகளுக்கு ரத்தம் சரியா போறதில்ல. உடம்பு முழுக்கத் தண்ணி இருந்தாலும் அந்த மூலைக்கு வறட்சிதான். அது தன் நிலைமையை வெச்சு, ரத்தம் போதல போதலன்னு ரெனினை விட்டுக்கிட்டே இருக்கும். வடிகட்டற வேலை செத்துப் போனாலும் கத்தற வேலை உயிரோட இருக்கலாம். ரெண்டாவது, டயாலிசிஸ்ல மூணு நாலு மணி நேரத்துல ரெண்டு மூணு லிட்டரை உறிஞ்சி எடுக்கறாங்க. ரத்தக்குழாய்ல இருக்கிற அளவு சட்டுனு இறங்கும். அப்பவும் ரெனின் ஏறலாம். டயாலிசிஸ் முடிஞ்சு ஆட்டோல வர்றப்பவே அப்பா உதட்டை நக்கிக்கிட்டு வருவார். ஆஸ்பத்திரி ஏசியால உதடு காயுதுன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்.

இதை மனுஷங்கள்ல காட்டின ஒரு பழைய கேஸ் இருக்கு. 1973ல அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனோட பத்திரிகையில ரோஜர்ஸ், கர்ட்ஸ்மன்னு ரெண்டு டாக்டர்கள் எழுதினது. கிட்னி செயலிழப்பு, அடக்கவே முடியாத தாகம், ரத்தத்துல ரெனின் ரொம்ப அதிகம். ரெண்டு கிட்னியையும் எடுத்ததும் தாகம் நின்னுடுச்சு. ஃபிட்ஸ்சைமன்ஸ் எலிகிட்டப் பாத்தது அப்படியே மனுஷ உடம்புல. இன்னைக்கு தாகத்துக்காக யாரும் கிட்னியை எடுக்கறதில்ல, பயப்படாதீங்க.

ஆனா எல்லாத்தையும் ரெனின் தலையில கட்டவும் முடியாது. டயாலிசிஸ்ல இருக்கிற எல்லாருக்கும் ரெனின் கூட இருக்காது. சர்க்கரை ஏறினாலும் தாகம் வரும். சில மாத்திரைகளால வாய் காயும். ஆஞ்சியோடென்சின் உருவாகறதைத் தடுக்கிற பி.பி. மாத்திரைகள் இருக்கு, அதைக் கொடுத்தா தாகம் குறையுமான்னும் பாத்திருக்காங்க. சிலதுல குறைஞ்சிருக்கு, சிலதுல வித்தியாசமே இல்ல. எல்லாத்தையும் விடப் பெரிய காரணம் உப்பு. ரத்தத்தோட அடர்த்தி 1, 2 சதவீதம் ஏறினாலே மூளையில இருக்கிற அதே திறந்த வாசல்கள் அதையும் கண்டுபிடிச்சிடும்.

அப்பா பாணியில ஒரு கணக்கு. ஆஸ்பத்திரியில ஏத்தற சலைன் பாட்டில்ல 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம்ம ரத்தத்துக்கு ஒத்துப்போற அடர்த்தி அது. அப்போ சிறுநீர் போகாத ஒருத்தர் உடம்புல 9 கிராம் உப்பு கூடுதலா சேர்ந்தா, அதைப் பழைய அடர்த்திக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணி வேணும். மூளை அந்த 1 லிட்டரை வாங்காம விடாது. உலக சுகாதார நிறுவனம் நல்லா இருக்கிறவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழன்னுதான் சொல்லுது. நான் குடத்தைப் பூட்டின அன்னைக்கு மத்தியானம் வீட்டுல என்ன சாப்பாடு தெரியுமா? வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், மோர் மிளகாய். புள்ள ஊர்ல இருந்து வந்திருக்கேன்னு அம்மா செஞ்சது. தண்ணியைப் பூட்டிட்டு உப்பைத் தட்டுல வெச்சிருக்கோம்.

அடுத்து எரித்ரோபொயட்டின். வீட்டுல நாங்க ரத்த ஊசின்னு சொல்றது. ரத்தச் சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கிட்னி அனுப்பற ஹார்மோன். கிட்னி போனா இதுவும் போகும், சோகை வரும். இதைச் சுத்தமாப் பிரிச்செடுக்க யூஜின் கோல்ட்வாசர் பட்ட பாடு தனி எபிசோட். ஜப்பான்ல ஒருவித ரத்தசோகை நோயாளிகள்கிட்ட இருந்து டகாஜி மியாகே சேகரிச்ச 2,550 லிட்டர் சிறுநீர்ல இருந்து, 1977ல சில மில்லிகிராம் கிடைச்சது. 1989ல மருந்தா வந்துச்சு.

மூளை செல்கள் மேலயும் இந்த ஹார்மோன் ஒட்டிக்கிற இடங்கள் இருக்கு. மூளை தனக்குன்னு கொஞ்சம் தானே செஞ்சுக்கவும் செய்யுது. அதனால ஒரு காலத்துல பெரிய எதிர்பார்ப்பு. பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பாத்தாங்க. 2002ல சின்ன ஆய்வுல நம்பிக்கையா இருந்தது. 2009ல ஜெர்மனியில 522 பேர்கிட்டப் பண்ணின ஆய்வுல பலன் இல்ல, மருந்து வாங்கினவங்கள்ல 16.4 சதவீதம் பேர் இறந்தாங்க, வாங்காதவங்கள்ல 9 சதவீதம்.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு மாமா, "இந்த ஊசி மூளைக்கு டானிக், டோஸைக் கூட்டச் சொல்லு, உங்கப்பா சுறுசுறுப்பாயிடுவார்"னு அனுப்பினார். நானும் டாக்டர்கிட்டக் கேட்டேன். அவர் ஒரே வரியில வேணாம்னுட்டார். எனக்குக் கோபம். அப்புறம்தான் 2009ல வந்த இன்னொரு ஆய்வைப் படிச்சேன். சர்க்கரையும் கிட்னிக் கோளாறும் சோகையும் இருந்த, டயாலிசிஸுக்கு இன்னும் வராத 4,038 பேர். பாதிப் பேருக்கு இதே வகை மருந்து கொடுத்து ஹீமோகுளோபினை 13 வரைக்கும் கொண்டுபோகப் பாத்தாங்க. அந்தப் பக்கம் 101 பேருக்குப் பக்கவாதம், மறுபக்கம் 53. டாக்டர் ஏன் 11கிட்ட நிறுத்தறார்னு அப்போதான் புரிஞ்சது.

கால்சிட்ரயாலைப் பத்திச் சீக்கிரமா முடிச்சிடறேன். செரோடோனின் தயாரிக்கிற என்சைமோட ஜீனை விட்டமின் டி தூண்டுதுன்னு ஆய்வுக்கூட செல்கள்ல பாத்திருக்காங்க. அதுல இருந்து "கிட்னி சரியில்லன்னா செரோடோனின் குறையும், டி மாத்திரை போட்டா மனச்சோர்வு போயிடும்"னு ஒரே தாவு தாவிடறாங்க. 2020ல வெளிவந்த ஆய்வுல 18,353 பேர், அஞ்சு வருஷத்துக்கும் மேல. டி மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கல. கிட்னி நோயாளிகளோட மனச்சோர்வு நெஜம். ஆனா அதுக்கு ஒரு ஹார்மோன், ஒரு ரசாயனம்னு நேர்கோடு போட முடியாது. வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுக்கிற மனுஷனுக்குச் சோர்வு வர செரோடோனின் கணக்கெல்லாம் வேணுமா என்ன?

அடுத்த வாரம் திரும்ப ஊருக்குப் போனேன். குடத்தைத் திரும்பச் சமையல்கட்டுல வெச்சேன். அப்பாகிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னேன், எலி, சிரை, அந்தத் திறந்த வாசல் வரைக்கும். கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டுக் கேட்டார். கடைசியில, "அப்போ அன்னைக்கு ராத்திரி தண்ணி கேட்டது நான் இல்ல, என் கிட்னிங்கிற?"

"ஆமாம்பா. நான்தான் தெரியாம உங்களைத் திட்டிட்டேன்."

"அதுக்காக விட்டுட முடியுமாடா? நெஞ்சுல தண்ணி கட்டினா கஷ்டப்படப் போறது நான்தானே."

அது உண்மை. 750 இன்னும் 750தான். மாறினது வேற. வத்தக்குழம்பும் அப்பளமும் வீட்டை விட்டுப் போச்சு, எனக்கும் சேர்த்து. உப்புக்குப் பதிலா எலுமிச்சை, மிளகு. பாக்கெட்ல "லோ சோடியம்"னு போட்டு வர்ற உப்பு வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார், அதுல பொட்டாசியம் இருக்கு, கிட்னி போனவங்க இதயத்துக்கு ஆபத்து. இளநீருக்கும் அதே காரணம்.

அப்புறம் ஐஸ். 2016ல ஸாக்கரி நைட்டோட ஆய்வுக்கூடத்துல, எலி குடிக்க ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துக்குள்ளயே அந்தத் தாக செல்கள் அமைதியாகறதைப் பாத்தாங்க. குடிச்ச தண்ணி ரத்தத்துக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே. வாய் குளிர்ந்தாலே அந்த செல்கள் கொஞ்சம் அடங்குது. டயாலிசிஸ் நர்ஸுங்க ரொம்ப காலமா ஐஸ் துண்டு வாயில போட்டுக்கச் சொல்றது இதனாலதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். உருகினா தண்ணிதான், அதனால அதுவும் 750ல சேரும். அப்பா ஐஸ் ட்ரேயில தண்ணியை அளந்து ஊத்தி, ஒரு குழிக்கு 15 மில்லின்னு கண்டுபிடிச்சு, ஒரு பழைய நோட்டுல கோடு போட்டு எழுத ஆரம்பிச்சிருக்கார். நேத்து போன்ல பேசினப்போ ராத்திரிக்கு நாலு மிச்சம் வெச்சிருக்கேன்னார்.